தணிகாசலம் மாஸ்டரின் பண்டிகைச் சவால்

புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் மாஸ்டர் என்று பெயரெடுத்தவர்கள் பலர். டீ மாஸ்டர் இருக்கிறார், பரோட்டா மாஸ்டர் இருக்கிறார், சிலம்பம் சொல்லித்தரும் மாஸ்டர் இருக்கிறார், பிளவுஸ் தைக்கும் மாஸ்டர்கூட இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு தொழில் உண்டு. தணிகாசலத்துக்கு அது கிடையாது. ஆனாலும் மற்ற எல்லோரையும்விட அவரைத்தான் அதிகம் பேர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவரே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தணிகாசலமும் மீசை முளைத்த கையோடு அதே ஆலையில் சேர்ந்தவர்தான். ஆலை தள்ளாடித் தள்ளாடி ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டபோது, கூட வேலை பார்த்தவர்கள் சிலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள், சிலர் கம்பெனி வாசல்களில் காவலுக்கு நின்றார்கள். தணிகாசலத்துக்கு வெயிலில் நிற்பது ஆகாது, ஒருவர் சொல்லிக் கேட்பதும் ஆகாது. பேச்சு மட்டும் பிரமாதமாக வரும். ஆகவே பேசிப் பிழைக்கும் தொழில்களாகப் பார்த்துப் புகுந்தார். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்றார். படுத்தால் முதுகுவலி ஓடிவிடும் என்று காந்தப் படுக்கை விற்றார். அதை வாங்கிய பக்கத்துத் தெரு வாத்தியார் முதுகுவலியோடு படுக்கையையும் சேர்த்து மாடிக்குத் தூக்க வேண்டியதாயிற்று. திண்டிவனம் பக்கத்தில் முள்ளுக்காட்டைக் காட்டி மனை விற்றார். கடைசியில், ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஆரோக்கியம் விற்க வந்து சேர்ந்தார்.

ஆரோக்கியம் டப்பாவில் வந்தது. வெனிலா வாசனை, சாக்லேட் வாசனை என்று இரண்டு தினுசு. ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, காலையிலும் இரவிலும் சோற்றுக்குப் பதில் குடிக்க வேண்டும். வீட்டின் முன்னறையில் பச்சை பெயின்ட் அடித்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு எடை மிஷினும் வாங்கிப் போட்டு, ‘நலவாழ்வு மையம்’ என்று போர்டு மாட்டினார். சுவரில் அவருடைய இரண்டு படங்கள் பெரிதாகத் தொங்கின. ஒன்றில் தொந்தியும் தூங்கி வழிந்த முகமுமாக இருந்தார். இன்னொன்றில் நெஞ்சு நிமிர்ந்து, வயிறு ஒட்டி, சிரித்துக்கொண்டிருந்தார். டப்பாவுக்கு முன், டப்பாவுக்குப் பின். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை. நடுவில் மூச்சை உள்ளே இழுத்ததும் சட்டை மாற்றியதும்தான் நடந்த சிகிச்சை. இது அவருக்கும், சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த மனைவி கன்னியம்மாளுக்கும் மட்டுமே தெரியும்.

கன்னியம்மாள் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். இருபது வருஷமாக அந்த வீட்டில் உலை கொதிப்பது அவள் தைத்த காலர்களால். புருஷனின் தொழில்களை அவள் தடுத்ததில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து தன்னிடம் பேசுவதைவிட ஊரிடம் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் விழுப்புரத்திலிருந்து ராஜா சார் போன் செய்தார். தணிகாசலத்தை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவர் அவர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. வெயில் காலத்திலும் கோட்டு போடுவார்.

“மாஸ்டர், தீபாவளில ஆரம்பிச்சா பொங்கல் வரைக்கும் ஜனங்க வாய மூட மாட்டாங்க. உங்க ஊர்ல கிறிஸ்மஸ் வேற, நியூ இயர் வேற. துணிக்கடைக்கு சீசன், பட்டாசுக்கடைக்கு சீசன். நமக்கும் அதான் சீசன். ஒரு சவால் வைங்க. கொழுப்பு சேர்ற நேரத்துலதான் பயமும் நல்லா விக்கும்.”

தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ‘பண்டிகைச் சவால்’ என்று அன்றே நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாக ஒட்டினார்.

தீபாவளி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிரம்பிவிட்டது. தீபாவளிப் பலகாரத்தின் குற்ற உணர்ச்சி இன்னும் ஜீரணமாகாத நேரம். அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருக்கும் ஹேமலதா வந்திருந்தாள். கடற்கரைப் பக்கம் ஓட்டல் பாரில் வேலை செய்யும் ராஜ்கமல் வந்திருந்தான். ஆட்டோக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று ஒரு கூட்டம். எல்லோருக்கும் பின்னால், வாசற்படி ஓரமாக, அன்னக்கூடையைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள் சின்னப்பாப்பா. குருசுக்குப்பத்துக்காரி. பல வருஷமாகச் சாரத்துக்கு மீன் கொண்டுவருகிறவள். கனத்த உடம்பு, முட்டிவலி. எடையைக் குறை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்கள்.

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு விதிகளைச் சொன்னார். இனிப்பு கூடாது. எண்ணெயில் பொரித்தது கூடாது. பிரியாணி என்ற சொல்லே கூடாது. விடிகாலையில் எல்லோரும் கடற்கரைச் சாலையில் நடக்க வேண்டும். காலையும் இரவும் டப்பா. காணும் பொங்கலன்று யார் அதிகம் இளைத்திருக்கிறாரோ அவருக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு பரிசு.

“சமைக்காத சாப்பிடாதன்னு சொல்லிட்டு அடுப்ப குடுக்கிறீங்களே மாஸ்டர்?” என்று ராஜ்கமல் கேட்டான்.

“சந்தேகப்படறவன் எளைக்க மாட்டான் தம்பி” என்றார் தணிகாசலம். கூட்டம் சிரித்தது. பேச்சு ஏறிக்கொண்டே போனது. மருந்துக் கம்பெனிகளின் சதியைப் பற்றிச் சொன்னார், வெள்ளைக்காரன் நம் கேழ்வரகைத் திருடியதைச் சொன்னார், கேழ்வரகுக்கும் வெனிலா டப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் வாசற்படியிலிருந்து சின்னப்பாப்பா கேட்டாள்.

“மாஸ்டரு, எனுக்கு சுகரு இருக்குது. கெவுருமெண்டு ஆஸ்பத்திரி மாத்திர போட்டுக்கினு இருக்கேன். இத குடிச்சா அத என்னா பண்றது?”

ஒரு கணம் தணிகாசலம் தயங்கினார். டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் ‘மருத்துவரைக் கேட்கவும்’ என்று போட்டிருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் முன்னறை முழுக்க முகங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பேச்சில் ‘டாக்டரைக் கேளுங்க’ என்பதைச் செருகினால் சோற்றில் கல் மாதிரி இருக்கும்.

“யக்கா, இது உள்ள போயி வேலய ஆரம்பிச்சிச்சுன்னா மாத்திர எல்லாம் தானா உதுந்துடும், பழுத்த எல மாதிரி” என்றார்.

கைத்தட்டல் எழுந்தது. சின்னப்பாப்பா தலையாட்டிக்கொண்டாள். அன்று இரவிலிருந்தே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

சவால் நல்லபடியாகத் தொடங்கியது. முதல் வாரம் கடற்கரைச் சாலையில் ஒரு படையே நடந்தது. தணிகாசலம் கழுத்தில் விசிலோடு முன்னால் போனார். இரண்டாவது வாரம் பாதிப் பேர் மழையைக் காரணம் சொன்னார்கள். கார்த்திகையில் பொரியுருண்டையைக் காரணம் சொல்லவில்லை, தின்றார்கள். மார்கழியில் பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் காரில் வந்து இறங்கி, கடற்கரையில் விடிகாலையிலேயே செல்பி எடுக்க நின்றதால் நடக்க இடமில்லாமல், மிச்சமிருந்தவர்கள் நடையை டீக்கடையில் முடித்துக்கொண்டார்கள். ஆனால் வாராவாரம் எடை பார்க்கும்போது எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்தே இருந்தது. எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில். சனிக்கிழமை முழுப் பட்டினி கிடந்து மிஷினில் ஏறிவிட்டு, நேரே பிரியாணிக் கடைக்குப் போனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மாஸ்டருக்கோ ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கப் பொறுமையில்லை. கன்னியம்மாள் அதிரசத்தை எந்தப் பரணில் வைத்தாலும் அங்கே நாற்காலி போட்டு ஏறினார். “எலி பூந்துடுச்சு போல, அதிரசம் கொறஞ்சிக்கினே போவுது” என்பாள் அவள். “பொறி வெக்கணும்” என்பார் இவர், மூக்கு நுனியில் வெல்லத் துணுக்கோடு. சாரத்தில் டீக்கடைப் பக்கம் ஒதுங்க முடியாது. மையத்து ஆட்கள் கண்ணில் பட்டுவிடுவார்கள். ஆகவே சாயங்காலமானால் கோயிலுக்குப் போகிறேன் என்று வில்லியனூருக்கு பஸ் ஏறினார். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கடை. அங்கே போண்டா பஞ்சு மாதிரி இருக்கும்.

ஒருநாள் அந்தக் கடையில் போண்டாவைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே திரும்பினால், பக்கத்து பெஞ்சில் ஹேமலதா. அவள் கையிலும் போண்டா.

இருவரும் கையிலிருந்த போண்டாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

“கோயிலுக்கு வந்தேன் மாஸ்டர்” என்றாள் ஹேமலதா.

“நானுந்தாம்மா. கோயிலுக்குத்தான்.”

“வெறும் வயித்துல சாமி கும்பிட்டா மயக்கம் வருது.”

“வரும், வரும். அதுக்காவத்தான் நானும்...”

கடைக்காரர் எட்டிப் பார்த்து, “சார், தெனம் ரெண்டாவது ரவுண்டு கெட்டிச் சட்னி கேப்பீங்களே, இன்னிக்கு வாணாமா?” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடை மிஷினில் ஏறிய ஹேமலதாவைத் தணிகாசலம் கண்ணை உயர்த்திப் பார்க்கவேயில்லை. அவளும் பார்க்கவில்லை.

கிறிஸ்மஸ் வந்தது. தெருமுனையில் சொல்தா வீடு. அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் அந்தப் பெயர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மனைவி இருக்கிறார். ரம்மில் ஊறிய திராட்சையும் ரவையும் போட்டுச் செய்த கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு, “வா முசியே, ஒரு துண்டு எடுத்துக்க” என்று பிரெஞ்சு கலந்து கூப்பிட்டார் அந்த அம்மா. மறுப்பது மரியாதையில்லை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. இரண்டாவது துண்டையும் மறுப்பது மரியாதையில்லை என்று தோன்றியது. புது வருஷத்தன்று மச்சான் வீட்டில் ஆட்டுக்கால் பாயாவை மறுத்தால் சொந்தமே விட்டுப்போய்விடும் என்று பட்டது. எடை மிஷினில் அவர் மட்டும் ஏறுவதில்லை. மாஸ்டரை யார் எடை போடுவது?

இதற்கிடையில் ஒரே ஒரு ஆள் உண்மையாகவே இளைத்துக்கொண்டிருந்தாள். சின்னப்பாப்பா.

சவாலின் விதிகளில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை. மீன் வறுத்த வாசனையில் பிறந்து வளர்ந்தவள் வறுவலைத் தொடவில்லை. காலையும் இரவும் டப்பா. துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகுமுன் நடை. முதலில் முகம் சுருங்கியது, பிறகு ரவிக்கை தொளதொளவென்று ஆனது, மார்கழி பாதியில் கழுத்தெலும்பு தெரிந்தது. தணிகாசலம் பூரித்துப்போனார். வாராவாரம் அவளைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். ‘புதுச்சேரி புலி’ என்று ராஜா சார் பதில் போட்டார். எங்கிருந்தோ முகம் தெரியாதவர்களெல்லாம் கைகூப்பிய பொம்மைகளை அனுப்பினார்கள். இத்தனை வருஷத்தில் தணிகாசலம் விற்ற பொருள்களில் வேலை செய்த முதல் பொருள் இதுதான். படுக்கையில் கிடந்து அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தான் நிஜமாகவே மாஸ்டர்தானோ என்று அவருக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

“மாஸ்டரு, தண்ணி தாகம் அடங்க மாட்டுது” என்றாள் சின்னப்பாப்பா ஒரு காலையில், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு. “எவ்ளோ குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்குது. ஒண்ணுக்கு ஒண்ணுக்குன்னு வேற ஓட வேண்டியதா இருக்குது. கூடய தூக்கனா கண்ண இருட்டுது.”

“ஒடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளிய போவுது யக்கா. நல்ல அறிகுறி.”

“கால்ல சிப்பி குத்துன புண்ணும் ஆற மாட்டுது.”

“அது வழியாவும் போவுது.”

இதைச் சொன்னபோது, மார்கழிக் குளிரிலும் அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டது அவர் கண்ணில் பட்டது. பட்டது என்பதோடு சரி. அதைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. பரிசளிப்புக்கு மண்டபம் பேச வேண்டியிருந்தது.

அவள் போனதும் கன்னியம்மாள் உள்ளிருந்து வந்தாள். கையில் சின்னப்பாப்பாவிடம் வாங்கிய மீனோடு ஒரு பாத்திரம்.

“இந்தாய்யா, அந்தம்மா எளைக்கல. கரையுது. ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு.”

“உனுக்கு என்னா தெரியும்? காலர் தைக்கிறவ காலர் தைய்யி.”

“காலர் தைக்கிறவளுக்குத்தான் கழுத்து தெரியும். அந்த கழுத்த பாத்தியா நீ?”

அவர் போனில் படத்தை எடுத்துக் கழுத்தைப் பார்த்தார். புலி என்று எழுதியிருந்ததையும் பார்த்தார். இரண்டாவதை நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

காணும் பொங்கலன்று சின்ன மண்டபம் ஒன்றில் பரிசளிப்பு. வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, ராஜா சாருக்கு மாலை போட்டார்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பல்லிடுக்கில் நேற்றைய மாட்டுப்பொங்கல் கறியே இன்னும் இருந்திருக்கும். எல்லோரும் கரும்புச் சாறு மட்டும்தான் குடித்ததாகச் சத்தியம் செய்தார்கள். வர வேண்டியவள் மட்டும் வரவில்லை.

விழா தொடங்கும் நேரம் தணிகாசலத்தின் போன் அடித்தது. சின்னப்பாப்பாவின் மகள் சிந்துஜா.

“மாஸ்டரு, காலைல எழுப்புனா அம்மா எழுந்துக்கவே இல்ல. ஒளறுது. பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கியாந்துட்டோம். சுகரு மிஷின்ல நம்பரே காட்ட மாட்டுதாம், அவ்ளோ ஏறிப்போச்சாம்.” பிறகு குரல் உடைந்தது. “மாத்திரய நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுதுன்னு இப்பதான் எனுக்கே தெரியுது.”

தணிகாசலம் ராஜா சாரின் காதருகே போய்ச் சொன்னார். ராஜா சார் மாலையைச் சரிசெய்துகொண்டே யோசித்தார்.

“ஐ.சி.யூ.வா, வார்டா?”

“தெரியல சார்.”

“எதுவா இருந்தாலும் இப்ப சொல்ல வாணாம். பேர மட்டும் அனௌன்ஸ் பண்ணுங்க. படம் இருக்குல்ல? அத ஸ்கிரீன்ல போடுங்க. வெளியூர் போயிட்டாங்கன்னு சொல்லிடலாம்.”

தணிகாசலம் மைக்கைப் பிடித்தார். அப்போதுகூட அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, பழக்கப்பட்டதைத்தான் பேசியது. “நமது சவாலின் வெற்றி வீராங்கனை, குருசுக்குப்பம் சின்னப்பாப்பா அவர்கள்!” திரையில் கழுத்தெலும்பு துருத்திய முகம் பெரிதாக வந்தது. மண்டபம் கைத்தட்டியது. ராஜ்கமல் விசிலடித்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாள் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ராஜா சார் சாப்பாட்டுக்கு நிற்காமல் விழுப்புரத்துக்குக் கிளம்பினார். தணிகாசலத்தின் கையில் அடுப்பு மிஞ்சியது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பளபளப்புக் காகிதம் சுற்றிய அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

வார்டில் சின்னப்பாப்பாவுக்கு இரண்டு கையிலும் ஊசி ஏறியிருந்தது. காலில் கட்டு. நினைவு திரும்பிவிட்டிருந்தது. கட்டிலருகே இளம் டாக்டரம்மா ஒருவர் நின்று சிந்துஜாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு? நாட்டு வைத்தியரா?”

சிந்துஜா வாயைத் திறக்குமுன் கட்டிலில் இருந்தவள் வாசல் பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பெருமையோடு கையை நீட்டினாள்.

“தோ, வந்துட்டாரே. டாக்டரம்மா, இவருதான் எங்க மாஸ்டரு.”

அதில் துளி கோபமும் இல்லை. குறையும் இல்லை. சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவதுபோல் சொன்னாள். தணிகாசலம் அடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்றார் டாக்டரம்மா.

“நான் நிறுத்தச் சொல்லல மேடம். தானா உதுந்துடும்னுதான் சொன்னேன்.”

டாக்டரம்மா அவரையும் பளபளப்புக் காகிதத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்னும் ஒரு நாள் கழிச்சு கூட்டி வந்திருந்தா உதுந்திருக்கும். மாத்திரை இல்ல, இவங்க” என்றார். பிறகு அவரைப் பொருட்படுத்தாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தணிகாசலத்துக்கு. சிந்துஜா அடுப்பை வாங்கிக்கொள்ளவில்லை. “இத எடுத்துக்கினு போயிடுங்க மாஸ்டரு. எங்க அண்ணன் வர்ற நேரம்” என்றாள்.

அன்று வீடு திரும்பும்போது அவரை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரை தானாக உதிரும் என்று சொன்ன அன்று எத்தனை பேர் கைத்தட்டினார்கள்? எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பு? அவர்களும் நிறுத்தியிருந்தால்? மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் விற்காமல் ஒரு கதவைத் தட்டினார்.

முதலில் ஹேமலதா வீடு. அவளுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது அவருக்குத் தெரியும். “பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டியாம்மா? தயவு செஞ்சு மறுபடி போட்டுக்க.”

ஹேமலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நிறுத்தறதா? நான் ஒருவேளகூட விட்டதில்ல மாஸ்டர். நீங்க சொன்னத யாரு கேட்டா?”

“அப்ப டப்பா?”

“டப்பா நல்ல டப்பா. மொளகாத்தூள் போட்டு வெச்சிருக்கேன். மாவ தோசையில கலந்து பாத்தேன், பசங்க துப்பிட்டாங்க.”

ராஜ்கமல் வெனிலா மாவை நாய்க்குட்டிக்குப் பாலில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். குட்டி கொழுகொழுவென்று இருந்தது. “இதுக்கு மட்டும் நல்லா பிடிச்சிருக்குது மாஸ்டர். அடுத்த சவால் எப்ப?” ஆட்டோக்காரர் ஒருவர், மனைவி நச்சரிப்பு தாங்காமல் பேருக்குச் சேர்ந்ததாகச் சொன்னார். இன்னொரு வீட்டில் டப்பாவின் மூடியைக்கூடப் பிரிக்கவில்லை. எல்லோரும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள், எல்லாப் பண்டிகையையும் வயிறாரச் சாப்பிட்டார்கள், சனிக்கிழமை பட்டினி கிடந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பொய் சொன்னார்கள். பொய் சொன்ன அத்தனை பேரும் சுகமாக இருந்தார்கள். அவரை நம்பிய ஒரே ஒரு மனுஷிதான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

கடைசி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தணிகாசலம் வெகுநேரம் ஏறாமல் நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது. அதற்குப் பின்னாலேயே, இத்தனை வருஷம் தான் பேசியதை ஒருவர்கூட நம்பவில்லை என்பதும் வந்தது. எது அதிகமாக வலித்தது என்று கேட்டால், அந்த ஆளுக்கு இரண்டாவதுதான் வலித்தது. அவரைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான்; ஆனால் நடந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்தால் கன்னியம்மாள் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

“கெளம்பு.”

“எங்க?”

“ரத்தம் குடுக்க. ஊரு பூரா ஒடம்ப பத்தி பேசினியே, உன் ஒடம்ப என்னிக்காவது பாத்தியா? ராத்திரில நாலு வாட்டி எழுந்து போற. பரண்ல இருக்கிற எலிக்கு சுகரு இருக்குதான்னு பாக்கலாம் வா.”

எலிக்குச் சர்க்கரை இருந்தது. சாப்பிட்ட பின் பார்த்தது இருக்கட்டும், சாப்பிடாமல் பார்த்ததே பரிசோதனைக்கூடத்துப் பெண்ணைப் புருவம் உயர்த்த வைத்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தணிகாசலம் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கன்னியம்மாள் தண்ணீர்ச் செம்போடு எதிரில் நின்று, விழுங்கி முடித்த பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.

மையத்தின் போர்டு மாசி மாதம் இறங்கியது. ராஜா சார் இரண்டு முறை போன் செய்தார், மூன்றாம் முறை இவர் எடுக்கவில்லை. அதற்குள் ராஜா சார் கூந்தல் வளரும் எண்ணெய்க்கு மாறிவிட்டதாகக் கேள்வி. தணிகாசலம் லாஸ்பேட்டை பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். வெயிலில் நிற்கிறார், நாலு மாடிக்காரர்களும் சொல்வதைக் கேட்கிறார். மாடிப்படி ஏறி இறங்கியே வயிறு கொஞ்சம் வற்றியிருக்கிறது. அதைப் படம் எடுக்க யாரும் இல்லை.

சின்னப்பாப்பா பங்குனியில் மறுபடி கூடையைத் தூக்கினாள். உடம்பில் பாதி தேறியிருந்தது. புண் ஆறாமல் கால் கட்டைவிரல் ஒன்று போய்விட்டது. செருப்புக்குள் துணி வைத்து நடந்தாள். எல்லாத் தெருவுக்கும் போனாள், தணிகாசலம் வீட்டு வாசலில் மட்டும் குரல் கொடுக்காமல் கடந்தாள். ஒரு மாதம் அப்படியே போனது. ஆஸ்பத்திரியில் காட்டிய அந்தப் பெருமை எப்போது போனது, மகள் எடுத்துச் சொல்லியா, விரல் போன அன்றா என்பது யாருக்கும் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு காலை, ராத்திரி டூட்டி முடிந்து வந்த தணிகாசலம் வாசலிலேயே நின்று அவளை மறித்துக்கொண்டார். கூடையைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

“யக்கா” என்றார்.

“என்னா?”

“நான்... யக்கா, தப்பு என்னுதுதான்.”

சின்னப்பாப்பா கூடையை இறக்கவில்லை. “ஆமா, உன்னுதுதான்” என்றாள். “போயி தூங்கு. ராத்திரி முழிச்சவன் வெயில்ல நிக்காத.”

மாஸ்டரு என்று அவள் சொல்லவில்லை. அடுத்த வீட்டு வாசலில் போய்க் கூடையை இறக்கி, “வஞ்சிரம் இருக்குது, கானாங்கத்த இருக்குது” என்று குரல் கொடுத்தாள்.